சாம்பியன் ஆன வருஷமே கீழே இறங்கிய பெல்ஸ்

லீக்கில் கடைசியாக வரும் டீம் அடுத்த வருஷம் கீழே இறங்கும், முதலில் வரும் டீம் மேலே ஏறும். கால்பந்து பார்க்காதவங்களுக்கும் புரியுற கணக்குதான் இது. 2017-18 சீசனில் இங்கிலாந்து பெண்கள் கால்பந்தின் இரண்டாம் அடுக்கில் இந்தக் கணக்கு தப்பிப்போச்சு. முதலிடம் பிடித்த டீம் அடுத்த சீசனில் மேலேயும் போகவில்லை, இருந்த இடத்திலேயும் இல்லை. மூன்றாம் அடுக்கில் போய் நின்றது. மைதானத்தில் தோற்று இறங்கவில்லைங்க. காகிதத்தில் இறங்கினார்கள்.

அந்த டீம் பேரு டான்காஸ்டர் ரோவர்ஸ் பெல்ஸ்.

மாடு, வரப்பு, வாய்க்கால்னு எழுதுற இடத்துல இங்கிலாந்துக் கால்பந்து எதுக்குன்னு சில பேர் கேட்பீங்க. கொஞ்சம் பொறுமையா படிங்க, நம்ம ஊருக்கு ரொம்ப அந்நியமான கதை இல்ல இது.

டான்காஸ்டர் வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் இருக்கிற ஊர். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த கிராமங்கள். அங்கே டான்காஸ்டர் ரோவர்ஸ் என்று ஆண்கள் கிளப் ஒன்று உண்டு. அவர்களுடைய பழைய மைதானத்தின் பெயர் பெல் வூ. மேட்ச் நாளில் அந்த மைதானத்தில் லாட்டரிச் சீட்டு விற்ற பெண்கள் சேர்ந்து 1969-இல் தங்களுக்கென்று ஒரு டீம் ஆரம்பித்தார்கள். மைதானத்தின் பெயரை வைத்தே முதலில் பெல் வூ பெல்ஸ் என்று பெயர். ஆரம்பித்தவர்களில் ஒருவர் ஷீலா ஸ்டாக்ஸ். பள்ளிக்கூட வயசுப் பொண்ணு. அதன்பின் பல வருஷம் அதே டீமுக்கு ஆடினார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. சீட்டு விற்க உள்ளே விட்ட அதே மைதானத்தில் அவர்கள் பந்து ஆடியிருக்க முடியாது. 1921 டிசம்பர் 5-ஆம் தேதி இங்கிலாந்து கால்பந்து சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. சங்கத்தில் சேர்ந்த கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்கள் ஆட்டத்துக்குத் தரக்கூடாது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதில்லையாம். அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான், 1920 டிசம்பர் 26 அன்று, லிவர்பூலில் குடிசன் பார்க் மைதானத்தில் பெண்கள் ஆட்டம் ஒன்றைப் பார்க்க 53,000 பேர் வந்திருந்தார்கள். பிரெஸ்டன் ஊர் ஃபேக்டரித் தொழிலாளிப் பெண்களின் டிக், கெர் லேடீஸ் டீம் ஆடிய ஆட்டம். கூட்டம் வராததால தடை போடல, இவ்வளவு கூட்டம் வந்த பிறகுதான் போட்டாங்க. அந்தத் தடை முழுசாக நீங்க 1971 ஆகிவிட்டது. பெல்ஸ் ஆரம்பித்தது தடை இருந்த காலத்திலேயே.

பிறகு அவர்கள் ஆடிய ஆட்டம் சாதாரணமில்லை. 1983-லிருந்து 1994 வரை நடந்த 12 தேசியக் கோப்பை ஃபைனலில் 11-இல் பெல்ஸ் இருந்தார்கள். ஆறு முறை கோப்பை. 1991-92-இல் பெண்களுக்கு முதல்முறையாக தேசிய லீக் வந்தபோது 14 மேட்ச், 14-லும் வெற்றி. அதே சீசனில் கோப்பையும் அவர்களுக்கே. 1993-94-இல் லீக், கோப்பை இரண்டையும் மறுபடி எடுத்தார்கள்.

இதெல்லாம் சம்பளத்துக்கு ஆடிய ஆட்டம் இல்லை. பெல்ஸின் கில்லியன் கூல்டார்ட் இங்கிலாந்துக்காக 119 மேட்ச் ஆடியவர். அந்நாட்டுப் பெண்களில் நூறு மேட்சைத் தொட்ட முதல் ஆள். அவருக்குச் சோறு போட்டது ஃபேக்டரி வேலை. பகலெல்லாம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் பூட்டுகிற வரிசையில் நின்றுவிட்டு வந்து பிராக்டீஸ் செய்தவர். பீட் டேவிஸ் என்ற எழுத்தாளர் ஒரு சீசன் முழுக்க இந்த டீமோடு சுற்றி 1996-இல் ஒரு புத்தகமே எழுதினார். 1998-இல் பிபிசி இவர்களை மனசில் வைத்து ஒரு டிவி தொடர் எடுத்தது.

2011-இல் பெண்கள் சூப்பர் லீக் எட்டு டீமோடு ஆரம்பித்தபோது பெல்ஸ் அதில் ஒன்று. நியாயமான இடம்தான். முதல் அடி 2013-இல் விழுந்தது. அடுத்த வருஷம் லீக்கை இரண்டு அடுக்காகப் பிரிப்பதாக இருந்தார்கள். எல்லா கிளப்பும் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பண வசதி, மைதான வசதி, விளம்பரத் திட்டம் எல்லாம் பார்த்துச் சங்கம் முடிவு செய்யும். முடிவு வந்தபோது பெல்ஸ் அந்த சீசனில் ஒரே ஒரு லீக் மேட்ச்தான் ஆடியிருந்தார்கள். மீதி மேட்ச் எல்லாம் ஜெயித்தாலும் அடுத்த வருஷம் இரண்டாம் அடுக்குதான் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் இடம் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனது. சிட்டி அப்போது சூப்பர் லீக்கிலேயே இல்லை, அதற்குக் கீழ் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த டீம். ரசிகர்கள் கையெழுத்து வாங்கினார்கள், கிளப் அப்பீல் போனது. தள்ளுபடி. எப்படியும் இறங்கப்போகிறோம் என்று தெரிந்தே ஒரு சீசன் முழுக்க ஆடி, கடைசி இடத்தில் முடித்தார்கள். விதைக்கும்போதே அறுப்பு உனக்கில்லைன்னு சொல்லிட்டா யாருக்குக் களை எடுக்க மனசு வரும்?

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். 2015-இல் ரெடிங்குக்கு அடுத்து இரண்டாவதாக வந்து பெல்ஸ் மறுபடி மேலே ஏறினார்கள். இந்தத் தடவை காலால் ஏறினார்கள். 2016-இல் தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்ப இறங்கினார்கள். இது மைதானக் கணக்கு, யாரையும் குறை சொல்ல முடியாது. அப்புறம்தான் 2017-18 சீசன்.

பத்து டீம், ஆளுக்கு 18 மேட்ச். அதுவரை கோடையில் நடந்த பெண்கள் லீக், ஆண்கள் லீக் மாதிரிக் குளிர்காலத்துக்கு மாறிய முதல் முழு சீசன் அது. பெல்ஸின் கோச் எம்மா கோட்ஸ் சீசன் நடுவிலேயே கால்பந்து சங்கத்து வேலைக்குப் போய்விட்டார். நீல் ரெட்ஃபெர்ன் வந்தார். கோச் மாறியும் டீம் ஆட்டம் காணவில்லை. ஜெஸ் சிக்ஸ்வொர்த் கோலாக அடித்துத் தள்ளினார். பிரைட்டனைப் பின்னுக்குத் தள்ளி பெல்ஸ் சாம்பியன்.

சீசன் முடிவதற்குள்ளேயே அடுத்த விதிகள் வந்துவிட்டன. 2018-லிருந்து முதல் அடுக்கு முழுநேர வீராங்கனைகளுக்கு மட்டும், வாரம் 16 மணி நேரமாவது பயிற்சி. இரண்டாம் அடுக்குக்கு வாரம் 8 மணி நேரம். அதோடு இளையோர் அகாடமி, மருத்துவ வசதி. இதெல்லாம் நல்ல விதிகள்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கூல்டார்ட் மாதிரி ஆள் ஃபேக்டரியில் நின்று களைத்துவிட்டு ஆட வேண்டிய நிலைமை போகணும்னா யாராவது சம்பளம் கொடுத்தாகணும். ஆனால் இந்தச் செலவைத் தாங்க ஆண்கள் கிளப்பின் பெரிய கஜானா பின்னால் இருக்க வேண்டும். டான்காஸ்டரில் அது இல்லை. 2018 கோடையில் பெல்ஸ் பணமில்லாமல் லைசென்ஸை விட்டுக்கொடுத்தார்கள். ஷெஃபீல்டு எஃப்சியும் அப்படியே. ஆக்ஸ்ஃபோர்டு, வாட்ஃபோர்டு டீம்களுக்கும் இடமில்லாமல் போனது. இரண்டாவதாக வந்த பிரைட்டன் முதல் அடுக்குக்குப் போனது. பத்தில் மிச்சம் நின்றது ஐந்து.

காலியான இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் மான்செஸ்டர் யுனைடெட். 2005-இல் பெண்கள் டீமே வேண்டாம் என்று மூடிய கிளப் அது. 13 வருஷம் கழித்துப் புதிதாக ஆரம்பித்து, நேராக இரண்டாம் அடுக்கில் இடம் வாங்கியது. முதல் லீக் மேட்ச் 2018 செப்டம்பர் 9, ஆஸ்டன் வில்லாவோடு. 12-0. அதில் ஐந்து கோல் அடித்தவர் ஜெஸ் சிக்ஸ்வொர்த். ஆமாம், அதே சிக்ஸ்வொர்த்தான். பெல்ஸில் அவரோடு ஆடிய கர்ஸ்டி ஹான்சனும் யுனைடெட் சட்டையில் இருந்தார். கோச் ரெட்ஃபெர்ன் அதற்கு முன்பே லிவர்பூலுக்குப் போயிருந்தார். யுனைடெட் அந்த சீசனில் 20 மேட்சில் 98 கோல் அடித்து, 7 மட்டும் வாங்கி, சாம்பியனாக மேலே ஏறியது. பெல்ஸுக்குக் கிடைக்காத ஏணி அவர்களுக்குக் கிடைத்தது.

வீராங்கனைகள் மேல் எனக்குத் துளிகூட வருத்தமில்லை. நல்ல இடம் கிடைத்தால் போகத்தான் வேணும். யுனைடெட் நன்றாக ஆடியதும் உண்மை. என் கோபம் வரிசையின் மேல்தான். எங்க பக்கத்துல தரிசைக் குத்தகைக்கு எடுத்து, கல்லு பொறுக்கி, கரை கட்டி, குப்பையடிச்சு நிலத்தை நிலமாக்கினவனை நாலு வருஷத்துல மாத்திவிடுவாங்க. அடுத்து வர்றவன் கெட்டிக்காரனாவே இருக்கட்டும், விளைச்சலும் கூடவே வரட்டும். மண்ணைத் திருத்தினவனுக்கு ஒரு மூலையாவது விட்டிருக்கலாமில்லையா? லைசென்ஸ் கேட்டது தப்பில்லை. சாம்பியன் டீம் அந்தத் தரத்துக்கு வர இரண்டு வருஷம் தவணையோ, கொஞ்சம் பணமோ கொடுத்திருந்தால் சங்கம் ஒன்றும் மூழ்கியிருக்காது. ஐம்பது வருஷம் மைதானமே தராமல் வைத்திருந்த சங்கம்தானே அது.

2022 ஜூலை 31 அன்று வெம்ப்ளியில் 87,192 பேர் முன்னால் இங்கிலாந்துப் பெண்கள் ஜெர்மனியை 2-1 என்று ஜெயித்து யூரோ கோப்பை வாங்கினார்கள். அந்த இங்கிலாந்து அணியில் கோல்கீப்பர் மேரி ஏர்ப்ஸ், டிஃபன்ஸில் மில்லி பிரைட், பெஞ்சில் பெத் இங்லண்ட். மூன்று பேரும் ஒரு காலத்தில் பெல்ஸுக்கு ஆடியவர்கள். பெல்ஸ் அப்போது நான்காம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.