மயில்மேல் செத்த முருகன்

1940 டிசம்பர் 31 இரவு. சென்னையில் 'வள்ளி திருமணம்' நாடகம். முருகன் வேஷத்தில், மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனார் எஸ்.எஸ். விசுவநாததாஸ். தேசிய வரலாற்றெழுத்து இவரைத் 'தியாகி' என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. திருமங்கலத்தில் நினைவில்லமும் உண்டு. அந்தச் சொல் எதை மறைக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

1886இல் சிவகாசியில், முடி திருத்தும் மருத்துவர் சாதியில் பிறந்தவர் தாஸ். இந்தச் சாதிக்காரனோடு ஜோடி சேரமாட்டோம் என்று மறுத்த நடிகைகள் உண்டு. மேடையில் ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற முருகன். வேஷம் கலைந்தால் கீழ்ச்சாதி. வெள்ளைக்காரன் சட்டத்தில் இல்லாத இந்தத் தடையையும் சேர்த்துத்தான் அவர் பாடவேண்டியிருந்தது.

1876ஆம் வருஷத்து நாடகச் சட்டம் போலீசின் கையில். ஆனால் நாடகமோ புராணம். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுகிறாள். அங்கே மதுரகவி பாஸ்கரதாஸின் கொக்குப் பாட்டு நுழைகிறது. வெள்ளைக் கொக்கு யாருன்னு தரை டிக்கெட்காரனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. கொக்கைப் பாடியதற்கு என்ன வழக்குப் போடுவது? போட்டார்கள். திரும்பத் திரும்பச் சிறை. வெளியே வந்ததும் அடுத்த மேடையில் அதே கொக்கு.