வடமோடி, தென்மோடி, நமது பொல்லடி



பரதநாட்டியத்தில் பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி என்று சொல்வார்கள். இரண்டுமே தமிழ்நாட்டு ஊர்களின் பெயர்கள். கலை ஒன்றுதான், ஊரும் ஆசானும் மாற அதன் நடையும் மாறியது. நமது கரையிலும் அப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம்தான். அந்த மட்டக்களப்பின் கூத்தில் இரண்டு மோடிகள் உண்டு. வடமோடியில் பாரத, இராமாயணப் போர்க் கதைகள் அதிகம். ஆட்டம் வேகமும் வீரமும் கொண்டது, உடுப்பும் கிரீடமும் பாரமானவை. தென்மோடியில் காதலும் கற்பனையும் கலந்த கதைகள் அதிகம். உடுப்பு இலேசானது, காலடிகள் நுணுக்கமானவை. இரண்டுக்கும் பொதுவானவை வட்டக்களரி, மத்தளம், ஆட்டத்தைப் பழக்கும் அண்ணாவியார்.

இந்தக் கூத்து ஒரு காலத்தில் கிராமத்தோடு நின்றது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். அவருடைய 'இராவணேசன்' வடமோடியில் அமைந்தது. அதில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்தில் பேராசிரியராகி, 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்ற பெரிய நூலை எழுதினார். நமக்குப் பக்கத்து ஊரான காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் பெயரில் இன்று கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகிறது. அண்ணாவிமார் காத்ததைப் படித்தவர்கள் எழுதி வைத்தார்கள். அதனால்தான் இரண்டு மோடிகளும் இன்று பாடமாக நிற்கின்றன.

இனி நமது பொல்லடிக்கு வருவோம். களிகம்பு என்றும் சொல்வோம். பொல்லுகளை ஏந்தி, சோடி சோடியாக வட்டத்தில் சுற்றி, பாட்டின் தாளத்துக்கு அடிப்பது. மெதுவாகத் தொடங்கி வேகம் கூடிக்கொண்டே போகும். கூத்தைப் போல இதில் கதையும் வேடமும் இல்லை. ஆனாலும் இதைப் பழக்குபவரையும் நாம் அண்ணாவியார் என்றுதான் அழைக்கிறோம். ஒரே கரையில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இரு சமூகங்களுக்கும் அந்தச் சொல் பொதுவாக இருக்கிறது. கேரளத்து மாப்பிளமாரின் கோல்களியும் இதற்கு உறவான ஆட்டமே. அங்கே அது பாடசாலைக் கலைவிழாக்களில் போட்டி நிகழ்ச்சியாகவே நடக்கிறது.

நம்மிடம் பொல்லடி பெரும்பாலும் வரவேற்பு ஊர்வலத்தில் சில நிமிடம் வந்து போகிறது. எந்த ஊரில் எந்த அடி, எந்த மெட்டு என்பது வயதான அண்ணாவிமாரின் நினைவில்தான் இருக்கிறது. அவர்கள் மௌத்தானால் அதுவும் அவர்களோடு போய்விடும். அப்புறம் நமது பிள்ளைகள் இதைப் பற்றி எங்கே போய்ப் படிப்பார்கள்?

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பாவோ மூத்தவாப்பாவோ பொல்லடி தெரிந்தவராக இருந்தால், ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து பாடச் சொல்லிக் கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். ஊர், பழக்கிய அண்ணாவியார், அடியின் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். பாடசாலையில் மாணவர்களைக் கொண்டு அவற்றைத் தொகுக்க நாம் தயார், இன்ஷா அல்லாஹ்.