கை குலுக்குகிற பிடி

பணி ஓய்வு பெற்ற மறுவருடம்தான் முதன்முதலாக டென்னிஸ் மட்டையைத் தொட்டேன். பயிற்சி கொடுத்த தம்பிக்கு என் மகனைவிட வயது குறைவு. "சார், மட்டையோட கை குலுக்குற மாதிரி பிடிங்க" என்றார். பிடித்தேன். அன்று நான் அடித்ததில் பாதிக்கு மேல் வேலியைத் தாண்டிப் போனது.

இந்த ஃபோர்ஹேண்ட் அடிக்குப் பிரெஞ்சில் 'கூ த்ருவா' என்று பெயர். பள்ளியிலேயே தெரிந்த சொல்தான். கைக்குத்தான் தெரியவில்லை.

ஆட்டம் பிறந்ததே கையில்தான். பிரான்சில் பந்தை உள்ளங்கையால் அடித்தார்கள். அதனால் 'ழே த போம்', உள்ளங்கை ஆட்டம். மட்டை பிறகு வந்தது. 1789 ஜூன் 20 அன்று வெர்சாய் நகரில் மக்கள் பிரதிநிதிகள் சபதம் எடுத்தது இந்த ஆட்டக்கூடத்தில். அந்தப் பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். அங்கே என்ன ஆடினார்கள் என்று நான் கேட்டதில்லை, ஆசிரியரும் சொன்னதில்லை.

1874-இல் இங்கிலாந்தில் விங்ஃபீல்ட் புல்தரை ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். புல்லில் பந்து தாழ்ந்தே எழும். அதற்கு இருபக்கமும் மாற்றாமல் ஆடும் 'கான்டினென்டல்' பிடி போதும். 1934 முதல் 1936 வரை விம்பிள்டன் வென்ற ஃப்ரெட் பெரி அப்படித்தான் பிடித்தார். கலிபோர்னியாவிலோ சிமெண்ட் தரை. பந்து தோள் உயரம் துள்ளும். அங்கே உள்ளங்கையை மட்டைக்கு அடியில் கொண்டுபோனார்கள். அது 'வெஸ்டர்ன்' பிடி. குள்ளமான பில் ஜான்ஸ்டன் அதை வைத்துத்தான் 1923-இல் விம்பிள்டன் வென்றார். அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் வளர்ந்தது 'ஈஸ்டர்ன்'. தம்பி எனக்குச் சொன்ன கை குலுக்கும் பிடி இதுதான். ஆக, தரை எப்படியோ பிடி அப்படி.

எனக்கு மிகவும் பிடித்தவர் ரெனே லகோஸ்த். சட்டையில் முதலை போட்டவர் என்றால் உங்களுக்குத் தெரியும். பதினைந்து வயதில்தான் ஆடத் தொடங்கினார். எதிராளிகளின் பலம், பலவீனம் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பார். பந்து வீசும் இயந்திரம் ஒன்றைச் செய்து அதன் எதிரில் நின்று பழகினார். 1927-இல் ஃபிலடெல்ஃபியாவில் டில்டனையும் ஜான்ஸ்டனையும் தோற்கடித்தார். கடைசி ஆட்டத்தைக் கோஷே வெல்ல, டேவிஸ் கோப்பை முதன்முறையாகப் பிரான்சுக்கு வந்தது. அதைக் காப்பாற்றும் போட்டிக்காகக் கட்டியதுதான் ரோலான் காரோஸ் மைதானம். கோப்பை 1933 வரை அங்கேயே இருந்தது.

குறிப்பேடு வைத்தவர் என்றால் குமாஸ்தாவுக்குப் பிடிக்காதா? நானும் பழைய ஆபீஸ் டைரி ஒன்றில் எழுதினேன்: 'மணிக்கட்டால் அடிக்காதே. தோளைத் திருப்பு. பந்து முன்னால் இருக்கும்போதே அடி.' முழங்கை வலி வந்த வாரம், "பல் தேய்க்கிற பிரஷ்ஷ இவ்ளோ இறுக்கமாவா பிடிப்பீங்க?" என்று தம்பி கேட்டார். அதையும் எழுதினேன்.

சிறுவயதில் நாங்கள் இப்படியொரு கிளப் வேலிக்கு வெளியே நின்று, தப்பி வரும் பந்தைப் பொறுக்கி வீசுவோம். உள்ளே விடமாட்டார்கள். போன மாதம் நான் அடித்த பந்தை ஒரு பையன் எடுத்து வீசினான். "உள்ள வாடா" என்றேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. பையன் செருப்பை வேலியோரம் கழற்றிவிட்டு வந்து, என் மட்டையை இரண்டு கையாலும் பிடித்தான்.