சோஜுவும் குவார்ட்டரும்: எந்த ஊர் டிராமாவில் எப்படிக் குடிக்கிறாங்க?

செல்லூர்ல தறிச் சத்தத்துக்கு நடுவே ஹால்ல சீரியல் ஓடும். உள் ரூம்ல நீங்க ஹெட்போன் மாட்டிக்கிட்டு கே-டிராமா பார்ப்பீங்க. ரெண்டு திரையிலும் குடிக்கிறாங்க. ஆனா, ரெண்டும் ஒரே குடி இல்லை.

முதல்ல நம்ம சீரியல். இங்கே குடி என்றாலே பிரச்னைதான். குடிப்பவர் ஆண், அழுபவர் மனைவி. 2003-லிருந்து மாநிலத்தில் மது சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். அதனால இந்தக் காட்சியை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2023-ல் விஜய் டி.வி-யில் தொடங்கிய ‘சிறகடிக்க ஆசை’யில் ஹீரோ முத்துவே குடிக்கிற கார் டிரைவர்தான். மனைவி மீனாவாக நடிக்கும் கோமதி பிரியா நம்ம மதுரைப் பொண்ணு. ‘குடிச்சாலும் மனசு தங்கம்’ என்கிற இந்த டைப் ஹீரோவை வில்லனைவிட கவனமாப் பார்க்கணும் என்பேன். அவரை மன்னிக்கிற வேலை எப்பவும் வீட்டுப் பெண்கள் தலையிலதானே விழுது? அதே சீரியல் உலகத்தில் ஒரு பெண் கிளாஸைத் தொட்டா, பெரும்பாலும் அவர்தான் வில்லி.

கொரியா நேர் எதிர். அங்கே பச்சை பாட்டில் சோஜு என்றால் நட்பு, ஆபீஸ் டென்ஷன், காதல் தோல்வி எல்லாம்தான். மூணு தோழிகள் குடிப்பதையே கதையாக்கி 2021-ல் ‘வொர்க் லேட்டர், டிரிங்க் நவ்’ வந்தது. பெரியவங்க ஊத்தினா ரெண்டு கையால வாங்கி, முகத்தைத் திருப்பிக்கிட்டுக் குடிக்கிற மரியாதையும் உண்டு. பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா கணக்கைப் பாருங்க. 360 மி.லி பாட்டில், சுமார் 16% ஆல்கஹால். நம்ம ஊர் 42.8% பிராந்தியில் இது ஏறக்குறைய 135 மி.லி, அதாவது முக்கால் குவார்ட்டர்! ஹீரோயின் ரெண்டு பாட்டிலைக் காலி பண்றாங்க; மறுநாள் ஒரு சூப்போட எல்லாம் சரியாயிடுது. அங்கே டி.வி-யில் சிகரெட்டை மங்கலாக்குவாங்க, சோஜுவைத் தொட மாட்டாங்க. இதைக் குறைக்கச் சொல்லி 2017-லேயே அரசு வழிகாட்டுதல் வெளியிட்டும், ‘கட்டாயம்’ இல்லை என்பதால் பாட்டில் இன்னும் மேஜையில்தான் இருக்கு.

ஜப்பானின் ‘மிட்நைட் டைனர்’ எனக்குப் பிடித்த விதிவிலக்கு. அந்தச் சின்னக் கடையில் ஒருத்தருக்கு மூணு டிரிங்க்தான், போர்டுலேயே எழுதியிருக்கும். பிரிட்டனில் 1960-லிருந்து ஓடும் ‘கோரனேஷன் ஸ்ட்ரீட்’டில் பப்தான் ஊர் மந்தை. வம்பு, கல்யாணப் பேச்சு, சண்டை எல்லாம் அங்கேதான். அமெரிக்க ‘மேட் மென்’ ஆபீஸிலேயே விஸ்கி ஊத்தும். அதை ஸ்டைல்னு ரசிக்க ஆரம்பிச்சவங்க, டான் டிரேப்பர் அதனாலேயே வேலையில் சறுக்குவதையும் பார்த்திருப்பாங்க. துருக்கியில் 2013 சட்டத்துக்குப் பிறகு டி.வி-யில் கிளாஸே மங்கலாயிடும். என்ன குடிக்கிறாங்கன்னு நாமதான் யூகிக்கணும்.

இந்தியாவில் கேபிள் டி.வி விதிகள்படி மது விளம்பரத்துக்குத் தடை. அதனால்தான் அதே பிராண்டு பெயரில் சோடாவும் தண்ணீரும் வருது. கதைக்குள்ள குடிச்சா மட்டும் திரைக்கு அடியில் ஒரு வரி எச்சரிக்கை, அவ்வளவுதான். பாதுகாப்பான அளவுன்னு எதுவுமே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது அந்த ஒரு வரியில் அடங்காது.

உங்க ஹால்ல ஓடுற சீரியல் கதை உங்க வீட்டுலயும் நடக்குதுன்னா, போதை மீட்புக்கான தேசிய இலவச எண்: 14446. குடிக்கிறவர்தான் பேசணும்னு இல்லை, நீங்களும் கூப்பிடலாம்.