அடுப்படியில் எழுதப்படாத வரலாறு



இந்த மேடையில் நிலத்தின் வரலாற்றைப் பேசியிருக்கிறோம். பறையின் வரலாற்றைப் பேசியிருக்கிறோம். நம் தாய்மார் இளைத்து இளைத்து, இருமியே செத்த வரலாற்றை இதுவரை பேசியதில்லை. இன்று நாம் நினைவுகூரும் தோழரின் பெயரால் அதைப் பேசுகிறோம்.

காரமடைப் பக்கத்துக் காலனிகளிலிருந்து மூச்சு வாங்கும் பெண்களை மருத்துவரிடம் நாங்கள் அழைத்துப் போயிருக்கிறோம். முதல் கேள்வி ஒன்றுதான்: "பீடி குடிக்கிற பழக்கம் உண்டா?" "அதெல்லாம் இல்லீங்க" என்பார்கள். அதோடு விசாரணை முடிந்துவிடும். அடுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கேட்டிருக்க வேண்டும். விடை 1959லேயே அச்சாகிவிட்டது. 1942இல் பர்மாவிலிருந்து தாயோடும் சகோதரிகளோடும் தப்பிக் கோயம்புத்தூருக்கு வந்தவர் மருத்துவர் பத்மாவதி. பின்னாளில் தில்லியில், நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலப்பக்கமும் பழுதான 127 பேரை அவரும் பதக்கும் ஆராய்ந்தார்கள். புகைபிடிக்காத பெண்களும் அந்த நோயில் பெருமளவு இருந்தார்கள். காற்றோட்டமற்ற அறையில் சாணமும் விறகும் எரித்த புகையை அவர்கள் சந்தேகித்தார்கள்.

2011இல் வெளியான ஆய்வொன்று, திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்தது. நூற்றுக்கு 2.44 பேருக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்தது. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நின்றவர்களிடம் அது 3 ஆக இருந்தது. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

புகை எல்லார் வீட்டிலும்தானே இருந்தது என்பார்கள். இருந்தது. ஆனால் தோட்டத்து வீட்டில் சமையலுக்குத் தனிக்கட்டு உண்டு. அடுக்கிக் காயவைத்த விறகு உண்டு. நமக்கோ சமைப்பதும் படுப்பதும் பிள்ளை பெறுவதும் ஒரே அறை. தென்னை மட்டையை எடுக்கவும் தோட்டக்காரர் அனுமதி வேண்டும். மாடில்லாதவருக்கு வறட்டி ஏது? கிடைத்தது பருத்திமாரும் வேலிமுள்ளும் ஈரச் சுள்ளியும். ஈர விறகு முழுதாக எரியாது. அதன் நுண்துகள் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிச் சுருக்கும். சுருங்கியது முழுதாக மீளாது. எந்த விறகு, எவ்வளவு பெரிய வீடு என்பதை நிலம் தீர்மானித்தது. நிலத்தைச் சாதி தீர்மானித்தது.

2006க்குப் பின் இலவச எரிவாயு அடுப்பு வந்தது. 2016இல் உஜ்வலா வந்தது. அடுப்பு வந்தது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த சிலிண்டருக்கான பணம் கூலியில் மிஞ்சாத மாதம் விறகடுப்பு மறுபடி புகைகிறது. இன்று புகை நின்றாலும் முப்பது ஆண்டுப் புகை நெஞ்சில் இருக்கிறது.

ஆகவே நம் கோரிக்கை எளியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை வேண்டும். பீடியைக் கேட்கும் மருத்துவர் இன்னொன்றும் கேட்க வேண்டும்: "என்ன விறகில், எத்தனை வருசம் சமைச்சீங்க?" அந்தப் பதில்களை நாமே எழுதி வைப்போம். நம் தாய்மாரின் வரலாறு அங்கிருந்து தொடங்கட்டும்.