பைக் ஹெட்லைட் வெளிச்சம் பத்தலையா? எல்.இ.டி பல்ப் மாட்டுறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

இரவில் பைக் ஓட்டும் பலரும் சொல்லும் புகார், "ஹெட்லைட் வெளிச்சமே பத்தலை" என்பதுதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனால், "எல்.இ.டி போட்டுடுங்க, பகல் மாதிரி இருக்கும்" என்பார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வெளிச்சமும் பளிச்சென்றுதான் தெரியும். ஆனால், அது விழுவது ரோட்டிலா, எதிரே வருபவரின் கண்ணிலா?

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடக்கும். கண் கூசி 2 நொடி எதுவும் தெரியாமல் போனால், 33 மீட்டர் தூரத்தை அவர் பார்க்காமலேயே ஓட்டி வருகிறார் என்று அர்த்தம். மீடியன் இல்லாத ரோட்டில் அந்த வண்டி வருவது உங்களை நோக்கித்தான்.

உங்க பைக்கில் இருப்பது என்ன பல்ப்?

ஹாலஜன் ஹெட்லைட் உள்ள ஸ்பிளெண்டர் பிளஸ், பல்சர் 150 போன்ற பைக்குகளில் இருப்பது எச்.எஸ்.1 வகை பல்ப். 12 வோல்ட், 35/35 வாட். ஹாலஜன் ஹெட்லைட்டோடு வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ல் எச்4 வகை, 60/55 வாட். இரண்டிலுமே ஒரே பல்புக்குள் ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று என 2 இழைகள் இருக்கும்.

பல்பைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். லோ பீம் இழைக்குக் கீழே சின்னக் கிண்ணம் போல ஒரு தகடு தெரியும். கீழ்ப்பக்கம் போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடும். அதனால் டூமின் மேல் பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, ரோட்டை நோக்கிக் கீழே இறங்குகிறது. நாம் 'டிம்' அடிக்கும்போது நடப்பது இதுதான். இழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் டூமின் வளைவே வடிவமைக்கப்படுகிறது. இழை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வெளிச்சம் போகிற இடம் மாறிவிடும்.

பல்ப் மேல பழி போடாதீங்க

பழைய பைக்கில் வெளிச்சம் குறைந்தால், பாதி நேரம் குற்றவாளி பல்ப் கிடையாது. டூம் கண்ணாடி மஞ்சளாகியிருக்கலாம், உள்ளே தண்ணீர் இறங்கி ரிஃப்ளெக்டர் கறுத்திருக்கலாம். அந்த டூமில் எந்த பல்பைப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. டூமைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது கரண்ட். ஹாலஜன் பல்புக்கு வரும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். துருப்பிடித்த எர்த், கறுத்துப்போன கப்ளர், தேய்ந்த டிம் சுவிட்ச் என எதில் வேண்டுமானாலும் அந்த வோல்டேஜ் காணாமல் போகலாம். பல்ப் எரியும்போதே அதன் முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

பழைய பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு பேட்டரியில் இருந்து கரண்ட் வராது, இன்ஜின் காயிலில் இருந்து நேராக ஏ.சி. கரண்ட் வரும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வெளிச்சம் கூடி, சிக்னலில் நின்றால் மங்குகிறதா? உங்க வண்டியும் அந்த ரகம்தான். டி.சி.க்கு மட்டும் செய்யப்பட்ட எல்.இ.டி.யை இதில் மாட்டினால் மின்னிக்கொண்டே இருக்கும், சீக்கிரமே போயும் விடும்.

மாற்றுவது எப்படி?

முதலில் சாவியை ஆஃப் செய்யுங்கள். 2017 ஏப்ரல் முதல் வந்த புது பைக்குகளில் ஹெட்லைட்டுக்குத் தனி ஆஃப் சுவிட்ச் கிடையாது. கொஞ்ச நேரம் முன்பு வரை எரிந்த பல்ப் என்றால் ஆறவிடுங்கள், கை வெந்துவிடும். டூம் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பின்னால் உள்ள 3 பின் கப்ளரை நேராக இழுத்து எடுக்கவும். ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். ரப்பர் மூடியை நீக்கி, கம்பி கிளிப்பைத் தள்ளினால் பல்ப் வெளியே வந்துவிடும்.

புது பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டினால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, பல்ப் ஆயுள் குறையும், சில நேரம் வெடிக்கவும் செய்யும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மாட்டலாம். பல்பின் அடித்தட்டில் உள்ள 3 காதுகளில் ஒன்று மட்டும் அகலமாக இருக்கும். அது அதற்கான பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், பல்ப் வகை மாறியிருக்கலாம். கடைசியாக ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த மழையிலேயே டூமுக்குள் தண்ணீர்தான்.

100/90 வாட் போடலாமா?

வேண்டாம். 35 வாட் பல்ப் இழுப்பது சுமார் 3 ஆம்பியர், 100 வாட் இழுப்பது 8 ஆம்பியருக்கும் மேல். கம்பெனி ஒயரிங் அதற்காகப் போட்டது அல்ல. ஹோல்டர் உருகும், பிளாஸ்டிக் டூம் வளையும், பேட்டரி இறங்கும். ரிலே கிட் போட்டால் சுவிட்சும் ஒயரும் தப்பிக்கலாம், ஆனால் டூமில் ஏறும் சூடும், எதிரே வருபவருக்குக் கண் கூசுவதும் அப்படியேதான் இருக்கும். அதே 35/35 வாட்டில் கூடுதல் வெளிச்சம் தரும் நல்ல கம்பெனி ஹாலஜன் கிடைக்கிறது. ஆயுள் கொஞ்சம் குறைவு, ஆனால் பீம் சிதறாது. நம்மைக் கேட்டால் இதுதான் முதல் தேர்வு.

எல்.இ.டி.யில் என்ன சிக்கல்?

எல்.இ.டி. மோசமான தொழில்நுட்பம் இல்லை. கம்பெனியிலேயே எல்.இ.டி. ஹெட்லைட்டோடு வரும் பைக்குகளில் அதற்கென்றே தனி டூம் இருக்கிறது. ஹாலஜனுக்குச் செய்த டூமில் எல்.இ.டி.யைச் சொருகுவதுதான் பிரச்னை. மெல்லிய இழை இருந்த இடத்தில் தட்டையான சிப் வரும்போது, வெளிச்சம் மேலேயும் பக்கத்திலும் சிதறும். பைக்கின் முன்னால் பத்தடி பளிச்சென்று தெரிவதால் ஓட்டுபவருக்குத் திருப்தி. தூரத்தில் இருக்கும் பள்ளம் மட்டும் முன்பு போலவே தெரியாது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபேனால் ரப்பர் மூடியும் பல வண்டிகளில் சரியாகப் பொருந்துவதில்லை.

எந்த பல்ப் போட்டாலும் கடைசியில் பீமைச் சரிபார்க்க வேண்டும். முன்பக்க விளக்கின் வெளிச்சம் 8 மீட்டர் தூரத்தில், தரையில் இருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்களைக் கூச வைக்கக் கூடாது என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். பைக்கில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, 8 மீட்டர் தள்ளி ஒருவரை நிற்க வைத்து, லோ பீம் போட்டுப் பாருங்கள். அவர் கையால் கண்ணை மறைத்தால் டூமைக் கீழே இறக்க வேண்டும். எவ்வளவு இறக்கியும் கூசினால், அந்த பல்ப் அந்த டூமுக்கு ஆகாது.

போலீஸ் பிடித்தால்?

அதே வகை, அதே வாட் பல்பை மாற்றுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால், வண்டியின் அசல் வடிவமைப்பை மாற்ற முடியாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அனுமதியில்லாத உதிரிபாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க முடியும்.

இண்டிகேட்டர், பிரேக் லைட்

இண்டிகேட்டருக்கு எல்.இ.டி. போட்டதும் படபடவென வேகமாக மின்னுகிறதா? பல்ப் இழுக்கும் கரண்ட் குறைந்ததால், ஒரு பல்ப் பியூஸ் ஆனது போல பழைய ஃபிளாஷர் நடந்துகொள்கிறது. எல்.இ.டி.க்கான ஃபிளாஷர் மாட்டினால் சரியாகிவிடும். பின்பக்க பல்ப் பெரும்பாலும் 21/5 வாட். 5 வாட் எப்போதும் எரியும், 21 வாட் பிரேக் பிடித்தால் மட்டும் எரியும். பின்னால் சிவப்பு தெரிகிறதே என்று பிரேக் இழை போனதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. இரவில் வண்டியைச் சுவர் ஓரமாக நிறுத்தி முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு முறையும் சுவரில் சிவப்பு கூட வேண்டும். ஒன்றில் மட்டும் கூடவில்லை என்றால் பல்ப் நன்றாகத்தான் இருக்கிறது, அந்த பிரேக்கின் சுவிட்சைப் பாருங்கள்.