அடுத்த பாகம் எந்த நாட்டில்? ஓர் ஊகம் பிறந்த கதை

2018 ஜூன் 10. லாஸ் ஏஞ்சலஸில் ஞாயிறு மாலை, கோலசிலாங்கூரில் திங்கட்கிழமை காலை. பெத்தெஸ்டா என்ற கணினி கேம் நிறுவனத்தின் டாட் ஹோவர்ட் தம் மேடை நிகழ்ச்சியின் கடைசியில் 36 விநாடிப் படம் ஒன்றைக் காட்டினார். மேகம், வறண்ட மலைகள், ஓரத்தில் கொஞ்சம் கடல், பழகிய இசை. பிறகு ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6’ என்ற எழுத்து. ஆள் இல்லை, வாள் இல்லை, தேதியும் இல்லை.

அதை ரசிகர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். பாறை சிவப்பா பழுப்பா, கரையோரம் தெரிவது கோட்டையா வெறும் கல்லா என்று சண்டை தொடங்கியது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம் இந்தச் சண்டையை நேரில் கேட்கலாம். கடைவரிசை மாடிகளில் சைபர் கஃபே இருந்த காலத்தில் இந்தத் தொடரின் ஐந்தாம் பாகமான ஸ்கைரிமை ஆடிப் பழகிய பையன்கள் இப்போது லோரி ஓட்டுகிறார்கள், கிள்ளானில் கிடங்கு வேலை பார்க்கிறார்கள். மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, “மச்சான், அது ஹேமர்ஃபெல்தான் லா, மலையப் பாத்தா தெரியல?” என்று அந்தக் கற்பனை உலகின் நாடு ஒன்றைச் சொல்லி ஒருவன் தொடங்கினால் போதும். ஸ்கைரிம் வந்தது 2011 நவம்பர் 11-இல். அந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதியவனுக்கு இன்று முப்பது தாண்டிவிட்டது. அவன் பிறந்த ஆண்டில்தான் இந்தத் தொடரின் முதல் கேமும் பிறந்தது: 1994.

அதன் பிறப்பே ஒரு விபத்து. அமெரிக்காவின் மெரிலாந்து மாநிலத்தில் பெத்தெஸ்டா அப்போது சிறு நிறுவனம். விஜய் லக்ஷ்மண், டெட் பீட்டர்சன், ஜூலியன் லஃபே ஆகியோர் செய்ய நினைத்தது சண்டை கேம்: வீரர் கூட்டம் ஒன்று ஊர் ஊராகப் போய்க் களத்தில் இறங்கி மோத வேண்டும். வேலை நடக்க நடக்க, மோதலுக்கு இடையே வைத்த சில்லறைக் காரியங்கள் பெரிதாகிவிட்டன. ஊர் சுற்றுவது, குகைக்குள் இறங்குவது, யாரோ கேட்ட பொருளைத் தேடிக் கொடுப்பது, இவையே கேம் ஆகிக் களச்சண்டை காணாமல் போனது. ஆனால் ‘அரீனா’ என்ற பெயரை அட்டையிலும் விளம்பரத்திலும் அச்சடித்தாயிற்று. அந்த உலகத்தில் அடிதடி ஓயாது, அதனால் மக்களே அதை அரீனா என்றழைக்கிறார்கள் என்று ஒரு காரணத்தைக் கட்டினார்கள். அதற்கு மேலே ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்று சேர்த்தவர் விஜய் லக்ஷ்மண். ‘அதற்கு என்ன பொருள் என்று எங்களைப் போலவே அவருக்கும் தெரிந்திருக்காது’ என்று பீட்டர்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பொருள் பிறகுதான் வந்தது: நடந்ததும் நடக்கப்போவதும் எழுதப்பட்ட சுருள்கள், படிப்பவர் கண் பறிபோகும்!

ஊகத்துக்கு விதை விழுந்தது அந்த முதல் கேமில்தான். டாம்ரியல் என்ற கண்டம் முழுவதையும் அதன் நாடுகளோடு அப்போதே வரைந்து காட்டிவிட்டார்கள். 2002-இல் மாரோவிண்ட், 2006-இல் சிரோடீல் நாட்டில் நடந்த ஆப்ளிவியன், 2011-இல் ஸ்கைரிம் என்று பிறகு ஒவ்வொரு நாடாகத் திறந்தார்கள். மீதி நாடுகள் வரைபடத்தில் பெயரோடு நிற்கின்றன. எல்லாரும் ஒரே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘அடுத்தது எது’ என்ற கேள்வியை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இதைவிடச் சுவையானது 1996-இல் வந்த இரண்டாம் பாகம், டேகர்ஃபால். ஹை ராக், ஹேமர்ஃபெல் என்ற இரு நாடுகளுக்கு நடுவிலுள்ள இலியாக் வளைகுடாவில் கதை. கடைசியில் நுமிடியம் என்ற பித்தளை ராட்சதனை இயக்கும் பொருள் ஆடுபவர் கையில் சேரும். அதை யாரிடம் கொடுக்கிறோமோ அவர் ஜெயிப்பார், ஆளுக்கொரு முடிவு. சரி, மூன்றாம் பாகம் எழுதும்போது எது உண்மை என்று வைப்பது? ஒன்றை எடுத்தால் மற்ற வழியில் ஆடியவர் கோபிப்பார். எழுதியவர்கள் எல்லா முடிவும் நடந்தது என்று வைத்துவிட்டார்கள்! காலமே உடைந்து, ஒன்றுக்கொன்று முரணானவை ஒரே சமயத்தில் நடந்தனவாம். அதைச் சொல்லும் புத்தகங்கள் கேமுக்குள்ளேயே கிடக்கும். ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கும். ரசிகர்கள் படித்து, ஒப்பிட்டு, தீர்ப்பு எழுத ஆரம்பித்தார்கள். ஊகம் என்ற தொழில் முறையாகத் தொடங்கியது இங்கேதான் என்பது என் கணக்கு. 2018-இல் காட்டிய மலையிலிருந்து பிறந்ததல்ல அந்த ஊகம்.

இந்த வித்தை நம் தோட்டத்து வாசகர்களுக்குப் புதிதா என்ன? 1950 முதல் 1954 வரை, மூன்றரை ஆண்டு, கல்கி இதழில் எழுத்தாளர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவல் தொடராக வந்தது. மலாயாவில் அது அவசரகாலம். தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, இருட்டினால் ஊரடங்கு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவை ரஜூலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினம், பினாங்கு தாண்டி போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்க வேண்டும். அங்கிருந்து வடக்கே பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வரை இதழ் வருவதற்குள் சென்னை வாசகர் அடுத்த அத்தியாயத்தையும் முடித்திருப்பார். தாமதம் கூடக் கூட ஊகத்துக்கு நாளும் கூடும். பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர்கள் கூடியிருக்க, எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பது அந்தத் தலைமுறையின் வழக்கம்.

அந்தக் கதையில், கடம்பூர் மாளிகையில் இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நந்தினியா, ரவிதாசன் கூட்டமா, பழுவேட்டரையர் எறிந்த கத்தியா? விளக்கை அணைத்துவிட்டு நம்மை வெளியே நிறுத்தினார் கல்கி. தொடர் முடிந்ததும் வாசகர் கேள்விகளுக்காக முடிவுரை ஒன்றும் எழுதினார். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலியோர் பெயரைச் சொன்னாலும், எழுபது ஆண்டு கழித்தும் வாதம் ஓயவில்லை. டேகர்ஃபாலுக்குச் சொன்ன ‘எல்லாமே நடந்தது’ என்பது கெட்டிக்காரத்தனமான தப்பித்தல். எனக்குப் பிடித்தது கல்கியின் இருட்டறைதான். ஆனால் இரண்டும் ஒரே காரியத்தைச் செய்தன. படிப்பவனுக்கு வேலை வைத்தன.

கேம் ரசிகர்களிடம் இப்போது நடப்பது வேறு வகை ஊகம். பெத்தெஸ்டாவின் தாய் நிறுவனமான ஸெனிமாக்ஸ் 2018-இல் ‘ரெட்ஃபால்’ என்ற பெயரை வணிகச் சின்னமாகப் பதியக் கேட்டது. ஹேமர்ஃபெல் மக்கள் ரெட்கார்ட் இனத்தார். பிறகென்ன, ஆறாம் பாகத்தின் பெயர் கிடைத்துவிட்டது என்று குதித்தார்கள். அதே பெயரில் நாவல் வரிசை வெளியிட்ட பதிப்பகத்தோடு தகராறுவரை போய்ச் சமாதானமானதும் நம்பிக்கை இன்னும் இறுகியது. 2021 ஜூனில் பார்த்தால், ரெட்ஃபால் என்பது ரத்தக்காட்டேரிகளைச் சுடும் வேறொரு கேம். 2023 மே மாதம் வெளியாகித் தோற்றது. மறு ஆண்டு மே மாதம் அதைச் செய்த ஆர்க்கேன் ஆஸ்டின் கூடத்தையே மூடினார்கள். 2020-இன் கடைசி நாள் பெத்தெஸ்டா ஒரு வரைபடத்தின் மேல் மெழுகுவத்தி வைத்துப் படம் போட்டது. மெழுகுவத்தி எந்த எல்லையில் நிற்கிறது என்று அளந்தவர்களும் உண்டு. கதைக்குள் இருக்கும் முடிச்சை அவிழ்ப்பவன் ஏதோ படிக்கிறான்; பதிவு அலுவலகக் கோப்பைத் துழாவுகிறவன் கம்பெனிக்கு இலவச விளம்பரம் செய்கிறான்.

என் பங்குக்கு நானும் ஹேமர்ஃபெல் பக்கமே. மலையும் கடலும் பொருந்துகின்றன, இலியாக் வளைகுடாவுக்குத் திரும்பினால் பழைய முடிச்சையும் தொடலாம். தேதி மட்டும் கேட்காதீர்கள். 2023 ஜூனில் அமெரிக்க நீதிமன்றத்தில் பெத்தெஸ்டாவை வாங்கிய மைக்ரோசாஃப்டின் ஃபில் ஸ்பென்சர், இந்த கேம் வர ஐந்தாண்டுக்கு மேலாகும் என்று சாட்சியம் சொன்னார். ஆகவே தம்பிமார்களே, பந்தயம் கட்டுவதானால் நாட்டின் மேல் கட்டுங்கள், ஆண்டின் மேல் வேண்டாம். ஆறாம் பாகம் கைவசம் இருக்கிறது, முன்பணம் போடு என்று எவனாவது வாட்ஸ்அப்பில் வந்தால் ஒரு ரிங்கிட்டும் கொடுக்காதீர்கள்.